ஏழு வரிசைகள் காட்டப்படவில்லை

கோணத்தில் மழை.
இன்வெர்ட்டர் இரண்டு முறை கூவி அடங்கியபின்
குளச்சல் கவுண்டரிலிருந்து ஜெர்லின்:
"எக்கா, கொடிமுனையிலேந்து ஒருத்தி வந்து நிக்கியா.
ஆதார் உண்டு, பாஸ்புக் உண்டு, பங்குச்சாமி கடிதமும் உண்டு.
மாப்பிளைக்க பேரு மட்டும் எனக்க பட்டியல்ல காணல்ல."

பட்டியலின் அடியில் என்ன இருக்கிறது, படி.

"பாதுகாப்பு விதிகளால் 7 வரிசைகள் காட்டப்படவில்லை."

அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும்.
எத்தனை என்று சொல்லும்,
யார் என்று சொல்லாது.
சாம்பல் நிறம், பொடி எழுத்து.

ஏன் காட்டாதாம் என்கிறாள்.
ஸ்பீக்கரில் போடு, நிற்கிறவளும் கேட்கட்டும்.

முதலில் வரிசை. அது திறந்தால்தான் கட்டம்.
வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின்
பிறந்த தேதிக்காக எந்த விதியும் கவலைப்படாது.
பெயர் குறித்துச் சொன்ன விதியைத்தான் முதலில் தேடும்,
கிடைக்காவிட்டால் பொதுவானதை.
அதுவும் இல்லையென்றால்
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நட்சத்திரக் குறி
கடைசியில் உட்கார்ந்திருக்கிறது.
அதற்கு இல்லை என்று மட்டும்தான் சொல்லத் தெரியும்.

விதி அகப்பட்டால் மூன்று கேள்வி.
நீ யார்? கவுண்டர் எழுத்தர். ஆம்.
எந்த மாவட்டத்து மனு? கன்னியாகுமரி. ஆம்.
மூன்றாவது, யாரோ எழுதிவைத்த நாலு வரி நிரல்.
அது காரணம் சொல்வதில்லை.
இரண்டு ஆமும் ஒரு இல்லையும் சேர்ந்தால்
இல்லை.
பெரும்பான்மையெல்லாம் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு.

கேள்வியையே எழுதாமல் விட்டிருந்தால்
அதற்கு ஆம் என்று பொருள்.
அப்படி யாராவது மறந்திருக்கலாம்.

ஜெர்லினாக மாறி உள்ளே போகிறேன்.
எங்களுக்கு அந்த வசதி உண்டு,
அடுத்தவர் கண்ணை மாட்டிக்கொண்டு
அவருக்குத் தெரியாததைப் பார்ப்பது.
எனக்கும் ஏழு பேரைக் காணவில்லை.

நிரலைத் திறந்தேன்.
படகு பதிவான துறைமுகமும்
கவுண்டரின் துறைமுகமும் ஒன்றா?
ஒன்றென்றால் ஆம்.

படகு எங்கே பதிந்தது?
ஜெர்லினுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:
"முனம்பம். அவியளுக்கு அங்கதானே தொழிலு."

பாதிக் கரை கேரளத்துப் படகில் ஏறுவது தெரியாமல்
எந்தப் புத்திசாலி இதை எழுதினான் என்று
மேலே உருட்டினேன்.

எழுதியவர்: பி. அஜிதாராணி.
குறிப்பு: தற்காலிகம்.
மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளி,
மாலை ஐந்து ஐம்பது.

நல்ல ஓர்மை இருக்கிறது.
ஐந்து ஐம்பத்தைந்துக்கு எனக்குத் திங்கள்சந்தை பஸ்.

கடவுச்சொல்லை மறுபடி தட்டி
உயர் உரிமை வாங்கினேன், அரை மணி நேரத்துக்கு.
படகு என்றிருந்ததை அழித்து
வீடு என்று எழுதினேன்.
சேமி.

"வந்துட்டு எக்கா!"
மேசை இழுபடும் சத்தம்.
மை ஒற்றும் டப்பா திறக்கும் சத்தம்.
பிறகு கொஞ்ச நேரம் மழை மட்டும்.

"எக்கா. ஏழும் வந்திருக்கு.
இதில ரெண்டு பேர நான்தான் சொல்லி அனுப்பினேன்.
பேரு இல்லம்மா, போயிட்டு வாங்கண்ணு.
ஒருத்தி கைப்பிள்ளையோட வந்தா.
அவ பிறகு வரவே இல்ல."

சாம்பல் வாக்கியம் போய்விட்டது.
அது இருந்த இடம் வெறும் வெள்ளை.

ஆறு பேருக்கும் செல்பேசி எண் கட்டம் உண்டு.
கட்டத்துக்குத் தனி விதி,
எழுத்தருக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும்.
அதையும் நான்தான் எழுதினேன்.
அது நல்ல விதி,
யோசித்து எழுதியது, ஒரு திங்கட்கிழமை காலையில்.
திருத்த மாட்டேன்.

என் திரையில் இன்னும் பதினொரு நிமிடம்
பத்து இலக்கமும் தெரியும்.

ஜெர்லின், ஸ்பீக்கரை அணை.
பேனா இருக்கா?

தொண்ணூற்றி நாலு,
எண்பத்தேழு…